நாலில் ஒன்று என்றார் டாக்டரம்மா

மலேசியாவிலிருந்து இந்தியா போய்வருகிறவர்கள் கோயில் குளத்தையும் சேலைக் கடையையும் பற்றி எழுதுவார்கள். எனக்கு அந்தப் பயணத்தில் இரண்டும் வாய்க்கவில்லை. என் கடைசி மகள் வசந்தா திண்டுக்கல் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். அந்தப் பிள்ளையைப் பெறுவதா, கலைத்துவிடுவதா என்று சீக்கிரம் முடிவு சொல்லும்படி டாக்டர் சொல்லிவிட்டாராம். "நீ வாம்மா" என்று போனில் சொன்னாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

நான் பிறந்ததும் அதே திண்டுக்கல் பக்கம், ஆத்தூருக்கு அருகில். பதினேழு வயசில் கப்பலேறி, பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டத்துக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, வாழப் போனவள். கை ஓயும்வரை மரம் சீவினேன். யாரிடமும் போய் நின்றதில்லை. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் படிக்க வைத்தேன். வசந்தாவை என் அண்ணன் மகன் செல்வராசுவுக்குக் கொடுத்தேன். முறைப்பெண்ணைக் கேட்டார்கள், கொடுத்தேன். எங்களில் அதுதான் மரியாதை. அவர்களுக்கு ஒரே பெண், பொன்னி, ஆறு வயசு. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. அடுத்ததும் அப்படியே வந்துவிடுமோ என்பதுதான் பயம்.

விமானத்தில் கொடுத்த சாப்பாட்டை நான் தொடவில்லை. தோட்டத்துக்கு வெளியே மளிகைக் கடை வைத்திருந்த சீனத்தி ஒருத்தி முன்னொரு நாள் சொன்னது வழியெல்லாம் மனசில் ஓடியது. அவர்களில் ஒரே குடும்பப் பெயர் இருந்தாலே கட்டிக்கொள்ள மாட்டார்களாம். நீங்கள் எப்படிச் சொந்த மாமன் மகனுக்குக் கொடுக்கிறீர்கள் என்று மூக்கைச் சுளித்தாள். ஊர் பேர் தெரியாதவனுக்குப் பெண்ணைக் கொடுப்பது உங்களுக்குப் பழக்கம், எங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு அந்தப் பதில் நன்றாக இருந்தது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் செல்வராசு நின்றிருந்தான். அவனை எப்படிக் கூப்பிடுவது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சிக்கல் உண்டு. அண்ணன் பிள்ளை என்றால் "ஏலே" என்று வாயில் வரும். மாப்பிள்ளை என்று நினைத்தால் "வாங்க" என்று மாற்ற வேண்டும். இரண்டையும் கலந்து, "ஏலே, நல்லா இருக்கீங்களா?" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே என் பெட்டியை வாங்கப் பார்த்தான். நான் கொடுக்கவில்லை.

சாப்பிடாமல் வீட்டுக்குப் போனால் எங்கம்மா வையும் என்று சொல்லி பிரியாணிக் கடைக்குள் அழைத்துப் போனான். சின்னச் சின்ன அரிசி, சீரகச் சம்பா. மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற மாமாக் கடைகளில் நீள அரிசியில் மஞ்சளாகக் கொடுப்பார்கள். இங்கே மிளகும் எலுமிச்சையும் தூக்கலாக இருந்தது. மணம் நன்றாக இருந்தும் எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவன் தன் இலையை முடித்துவிட்டு என்னுடையதையும் இழுத்துக்கொண்டான். இவனுக்குப் பயமே இல்லையோ என்று நினைத்தேன். பிறகு கை கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டாமலே செத்த நேரம் நின்றான். பின்னால் ஆள் சேர்ந்து திட்டிய பிறகுதான் கழுவினான்.

வீட்டு வாசலில் ஒரு பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்து கோழிக்குக் கேப்பை போட்டுக்கொண்டிருந்தது. "பொன்னி" என்று கூப்பிட்டேன். தெரிந்தே கூப்பிட்டேனா, மறந்து கூப்பிட்டேனா என்று தெரியவில்லை. அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். கோழி திரும்பிப் பார்த்தது. 

அந்த வீட்டில் எல்லாரும் கையால் பேசுகிறார்கள். யார் சொல்லிக் கொடுத்ததும் இல்லை, அவர்களாகப் பழகிக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் பொன்னி ஒரு பெயர் வைத்திருந்தாள். மீசையைத் தடவினால் அவள் அப்பா. கன்னத்தை உப்பினால் வெற்றிலை போடுகிற என் மதினி, அதாவது அவளுடைய அப்பத்தா. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தாடையைத் தூக்கி, தோளைப் பின்னுக்குத் தள்ளி, வாசலில் நாலு எட்டு நடந்து காட்டினாள். மதினி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். நான் அப்படியா நடக்கிறேன் என்று கேட்டேன். அம்புட்டுப் பொருத்தம் என்றார்கள்.

ராத்திரிச் சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பும் அவரைக்காய் வெஞ்சனமும் வைத்திருந்தார்கள். சாப்பிடும்போது மதினி பழைய கதையைச் சொன்னாள். பொன்னிக்குக் காது கேட்காது என்பது அவர்களுக்கு இரண்டு வருஷம் வரை தெரியவே தெரியாதாம். உரலில் இடிக்கும்போதெல்லாம் குழந்தை சட்டென்று திரும்பிப் பார்க்குமாம். கேட்கிறது, பேச்சுத்தான் தாமதம் என்று வசம்பை உரைத்து நாக்கில் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தரை அதிர்ந்ததற்குத்தான் அவள் திரும்பியிருக்கிறாள். மதினி அதைச் சொல்லி முடித்தபோது யாரும் சாப்பிடவில்லை. பொன்னி மட்டும் கருவாட்டைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டரைப் பார்க்கத் திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டோம். வசந்தா, செல்வராசு, மதினி, நான், பொன்னி. சின்னாளபட்டி தாண்டுவதற்குள் பஸ் டயர் வெடித்தது. வெடித்த சத்தத்தில் பஸ்ஸே கத்தியது. பொன்னி மட்டும் எல்லார் வாயும் ஏன் திறந்திருக்கிறது என்பது போலச் சுற்றிப் பார்த்தாள். இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். பன்னீர் திராட்சைக் கூடையோடு ஒருத்தி வந்தாள். பழத்தின் மேல் வெள்ளையாகப் பூச்சிமருந்து படிந்திருந்தது. கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "அம்புட்டு மருந்து ஒண்ணும் பண்ணாது ஆத்தா, நாங்க திங்கலையா?" என்றாள். எம்புட்டு இருந்தால் பண்ணும் என்று கேட்டதற்கு, அதெல்லாம் பயப்படுகிறவர்களைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். வசந்தா வாங்கிச் சேலைத் தலைப்பில் துடைத்துத் தின்றாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். என் பக்கத்தில் நெய்க்காரப்பட்டியிலிருந்து மருமகளைக் கூட்டி வந்த ஒரு அம்மா. ஏனுங்க, எந்த ஊருங்க என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் என் கதை முழுவதையும் வாங்கிவிட்டார். எனக்கே ஆச்சரியம், நான் அப்படி வெளியாட்களிடம் சொல்கிறவள் இல்லை. அவருடைய மருமகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் கரு தங்கவில்லையாம். "காது கேக்காட்டிப் போவுதுங்க, ஒண்ணு பொறந்தாப் போதுங்க எங்களுக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பயப்படக்கூட எனக்கு உரிமை இல்லை என்று சொல்வது போல இருந்தது.

டாக்டரம்மா சின்ன வயசு. நிதானமாகப் பேசினார். வசந்தா, செல்வராசு இரண்டு பேர் ரத்தத்திலும் ஒரே குறை ஒளிந்திருக்கிறது, அவர்களை அது ஒன்றும் செய்யாது, இரண்டு பக்கத்திலிருந்தும் பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் காது போகும் என்றார். அப்படிச் சேர்வதற்கு நாலில் ஒன்று வாய்ப்பு. வயிற்றில் இருக்கும்போதே பார்த்துச் சொல்ல அங்கே வழி இல்லை.

மதினிக்கு முகம் மலர்ந்தது. நாலில் ஒன்றுதான் பொன்னியாக வந்துவிட்டதே, இனி வரும் மூன்றும் நல்லதுதானே என்று கேட்டாள். இல்லை என்றார் டாக்டரம்மா. தாயக்கட்டை மாதிரிதான் இதுவும், போன தடவை என்ன விழுந்தது என்று அதற்கு ஞாபகம் இருக்காது, ஒவ்வொரு தடவையும் நாலில் ஒன்றுதான் என்றார். மதினி வீட்டில் தாயம் ஆடுகிறவள். அவளுக்கு அது உடனே விளங்கியது. முகம் சுருங்கிப் போனாள்.

நான் கேட்டேன், அது அதிகமா, கம்மியா?

"அத என் படிப்பு சொல்லாதும்மா. நாலுல ஒண்ணுங்கிற வரைக்குந்தான் படிப்பு. அதிகம்னு சொன்னா, அது நான் சொல்றது."

அப்படியானால் நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் பேனாவை மூடினார். "என் அக்காவா இருந்தா கலைச்சுரலாம்னுதான் சொல்லுவேன். ஆனா எங்கக்காவுக்குப் பொன்னி மாதிரி ஒரு பிள்ள இல்ல. நான் மொதல்ல இவங்ககிட்ட 'ஆபத்து'ன்னு சொன்னதே என் வார்த்தைதான், புஸ்தகத்துல உள்ளது இல்ல." வியாழக்கிழமை வந்து முடிவைச் சொல்லச் சொன்னார். அதற்கு மேல் தள்ளினால் வசந்தாவின் உடம்புக்கு ஆகாது.

இத்தனை படித்துவிட்டு முடிவை எங்கள் தலையில் கட்டுகிறாரே என்று எனக்கு ஆத்திரம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரன் காலத்து டிரஸ்ஸர் ஒருவர் இருந்தார், எங்களுக்கு டாக்டர் மாதிரி. எதற்குப் போனாலும் இதைக் குடி, அதைத் தின்னாதே என்று உத்தரவு போடுவார். சரியோ தப்போ, நாம் கவலைப்பட வேண்டியதில்லை. இந்தப் பெண் எங்களிடம் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பயப்படுவதா வேண்டாமா என்பதை மட்டும் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்.

ஊரில் இறங்கி வரப்பு வழியாக நடந்தோம். செல்வராசு திடீரென்று உற்சாகமாகிவிட்டான். தண்ணிக்குப் பூமியில் போர் போடுவதை வைத்துக் கணக்குப் போட்டான். "நாலு எடத்துல போட்டா மூணுல தண்ணின்னா எவன் வேணாம்பான் அத்தை? இந்தப் பக்கம் ஒண்ணுல வந்தாலே கெடா வெட்டுறோம்."

எனக்கு அந்த ஒன்றுதான் தெரிந்தது. "தண்ணி வராத குழிய மண்ணப் போட்டு மூடிரலாம்ப்பா. பிள்ளைய என்ன செய்வ?" என்றேன்.

முன்னால் போய்க்கொண்டிருந்த வசந்தா நின்றாள். பொன்னியைக் கையில் பிடித்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "இவ மூடுற குழியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அப்படி நான் சொல்லவில்லை என்றேன். அவள் நடந்துவிட்டாள். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், வெந்நீர் வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை.

நான் மனசில் இருந்ததை மறைக்கிறவள் இல்லை. கலைத்துவிடுவதுதான் நல்லது என்று மதினியிடம் வெளிப்படையாகவே சொன்னேன். மதினி மேலே கையைக் காட்டினாள். அவன் ஒருத்தனுக்குத் தெரியும் என்றாள். அவனுக்குத் தெரிந்து நமக்கு என்ன ஆச்சு என்றேன். அவள் ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பொன்னி என்னைக் கடைக்குக் கூட்டிப் போனாள். நான் அவளைக் கூட்டிப் போனேன் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். ரோட்டில் எனக்கு முன்னால் என் நடையை நடந்து காட்டிக்கொண்டே போனாள். வளைவில் தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. ஆரன் அடித்தான், இன்னும் அடித்தான். பிள்ளை ரோட்டின் நடுவில் தாடையைத் தூக்கி நடந்துகொண்டிருக்கிறாள். நான் கத்தினேன். கத்தி என்ன பிரயோசனம்? அந்த வயசில் ஓடினேன். காலில் செருப்பு இல்லை, எப்போது கழன்றது என்று தெரியவில்லை. டிராக்டர்காரன் இழுத்துப் பிடித்து வரப்பில் ஏற்றி நிறுத்திவிட்டான். தேங்காய்கள் சரிந்து ரோட்டில் உருண்டன. "காது செவிடா ஏலே" என்று வைதான். பிறகு யார் பிள்ளை என்று பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான், உள்ளூர்க்காரன்தான். பொன்னி உருண்டு வந்த தேங்காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவனிடம் கொடுத்தாள். அவளுக்கு அது விளையாட்டு. நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் கைகள் நடுங்குவதைப் பார்த்து, அவள் தன் கைகளையும் அதுபோல நடுக்கிக் காட்டிச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் வசந்தா அவரைக்கொடிப் பந்தலுக்குள் காய் பறித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்று டிராக்டர் விஷயத்தைச் சொன்னேன். இப்படி இன்னொன்றும் வந்தால் எத்தனை ரோடு, எத்தனை டிராக்டர் என்று கேட்டேன். நான் செத்த பிறகு நீ, நீ செத்த பிறகு யார் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் நிறுத்த முடியவில்லை.

வசந்தா பறிப்பதை நிறுத்தவில்லை. பொன்னிக்கும் ரோட்டைப் பார்த்து நடக்கத் தெரியும், உன்னைச் சிரிக்க வைக்கப் போய்த்தான் மறந்திருப்பாள் என்றாள். பிறகு, "எனக்கும் பயந்தாம்மா. நீங்க எல்லாரும் அந்த ஒண்ணுக்குப் பயப்படுறீங்க. எனக்கு மத்த மூணுக்குப் பயம்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"காது கேக்குற பிள்ளையாப் பொறந்தா இந்த வீட்ல என்ன நடக்கும்? அத்தை சாமி கும்புட்டு அழும். மச்சான் ஊருக்கே சோறு போடுவாரு. நீ ஒரு சங்கிலி கொண்டாந்து போடுவ. எல்லாரும் வாயால பேசிப் பேசி விளையாடுவீங்க. இப்ப இந்த வீட்ல கையால பேசுறது ஒரு பேச்சு. அன்னைக்கு அது குறையாயிரும். இவ ஒரு மூலைல ஒக்காந்து எங்க வாயையெல்லாம் பாத்துக்கிட்டு இருப்பா."

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அந்த ஒன்றுக்குப் பயப்படுவது எனக்குத் தெரியும். நல்லபடியாகப் பிறப்பதற்குப் பயப்படலாம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதற்குப் பிறகு எனக்கு எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியவில்லை. முன்னே ஒரு பயம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது நாலில் நாலும் பயமாகிவிட்டது. கலைத்துவிடு என்று திரும்பச் சொல்ல வாய் வரவில்லை. வைத்துக்கொள் என்றும் வரவில்லை.

வியாழக்கிழமை மறுபடியும் திண்டுக்கல். அன்றைக்கு பஸ் ஒழுங்காகவே போனது. கொஞ்சம் தாமதமாகப் போனால் தேவலை என்று எனக்கு இருந்தது. பஸ் ஸ்டாண்டில் சிறுமலை வாழைப்பழம் வாங்கினான் செல்வராசு. யாரும் உரிக்கவில்லை. வழியில் அவன் போர் கணக்கைப் பேசவில்லை. மதினி வெற்றிலை போடவில்லை. அவரவர் முடிவை வசந்தாவிடம் சொல்லி முடித்திருந்தார்கள், அவள் யாருக்கும் பதில் சொல்லியிருக்கவில்லை.

டாக்டரம்மா கதவைத் திறந்து, வசந்தா மட்டும் வரட்டும் என்றார். நான் எழுந்தேன். "நீங்களும் வேணாம்மா" என்றார். என்னை யாரும் அப்படி வெளியே நிறுத்தியதில்லை. செல்வராசுவையும் நிறுத்திவிட்டார். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே நீள பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. ஒருமுறை பாத்திரம் வைக்கிற சத்தம் போல ஏதோ கேட்டது. கத்தியா, தட்டா என்று என் மனசு எதையெதையோ நினைத்தது. நர்ஸ் ஒருத்தி உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடியும் போனாள். அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். எழுத்தையே கூட்டிப் படிக்கிறவள் நான், முகத்தை எங்கே படிப்பது? பொன்னி காலை ஆட்டிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. வசந்தா வெளியே வந்தாள். அவள் என்னிடம் வரவில்லை, புருஷனிடமும் போகவில்லை. நேராகப் பொன்னிக்கு முன்னால் போய்க் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து கையால் சொன்னாள். இரண்டு கையையும் தொட்டில் போல வைத்து ஆட்டினாள். பிறகு ஒரு கையை வயிற்றில் வைத்து எடுத்து, அப்படியே காற்றில் நீட்டி விரித்தாள். பிறகு வேகமாக ஏதேதோ சொன்னாள்.

செல்வராசு முகத்தைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். மதினி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர்களுக்கெல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை. தொட்டிலை ஆட்டியது தெரிந்தது. அந்த விரித்த கை வருகிறது என்கிறதா, போய்விட்டது என்கிறதா? ஒருத்தன் அழுவதும் ஒருத்தி கும்பிடுவதும் இரண்டுக்கும் பொருந்துமே. என்னடி சொன்னாய் என்று கேட்டேன், வசந்தா திரும்பவில்லை. அந்த இடத்தில் நின்றவர்களிலேயே எதுவும் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

பொன்னி என்னைப் பார்த்தாள். எனக்குப் புரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மந்தமான பிள்ளைக்குச் சொல்வது போல, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். தொட்டிலை ஆட்டினாள். அம்மாவின் வயிற்றைத் தொட்டாள். தன் நெஞ்சைத் தொட்டாள். அப்போதும் நான் விழிப்பதைப் பார்த்து, பெஞ்சில் செத்த நகர்ந்து உட்கார்ந்து, தனக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, அதை உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள்.

வசந்தா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

 பொன்னி விட்டிருந்த அந்த இடத்தில் நான் உட்காரவில்லை. பயம் கொஞ்சமும் குறையாமல், பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.